ஈரம் எங்கிருந்து வருகிறது?

கொச்சி
3-5-1998

அன்புள்ள அத்தைக்கு,

ஆண்டாளின் வணக்கம். நான் இங்கே சுகம். உங்கள் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. எங்கள் படகுப் பட்டறைக்கு குரியன் சார் என்று ஒருவர் வருவார். கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவி ஆனியம்மாவும் முப்பத்தைந்து அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் லட்சத்தீவு, மாலத்தீவு, அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை போகப் போகிறார்கள். கூட ஒரே ஒரு ஆளுக்குப் படுக்க இடம் இருக்கிறது.

அந்தப் படகில் இருக்கிற கக்கூஸ் கைப்பம்பு வைத்தது. கடல் தண்ணீரை இழுத்து, எல்லாவற்றையும் கடலுக்கே தள்ளும். வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். போன மாதம் அதன் குழாய் பிளந்து படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். "பவளப்பாறை மேல் நின்றுகொண்டு அதன் தலையிலேயே கொட்டுவதற்கு எனக்கு மனசில்லை" என்று ஆனியம்மாவும் சொல்லிவிட்டார்கள். அதனால் பம்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரே இல்லாத உரக் கக்கூஸ் வைக்கப் போகிறார்கள். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் படம் இருக்கிறது. மூத்திரம் முன்பக்கம் ஒரு புனல் வழியாகத் தனி கேனுக்குப் போகும். மற்றது பின்னால் இருக்கிற பெட்டியில் தேங்காய் நார்த்தூளில் விழும். கைப்பிடியைச் சுற்றிக் கிளறிவிட்டால் மக்கிவிடும். நாறாதாம்.

"நான் செய்கிறேன் சார்" என்று வாய் திறந்து சொல்லிவிட்டேன். "செய். மூன்று மாதம் படகிலேயே புழங்கிப் பார்ப்போம். செப்டம்பர் 12-ஆம் தேதி அறையில் நாற்றம் இல்லையென்றால் அந்த இடம் உனக்கு. நாறினால் பழைய பம்பை மாட்டிவிட்டு, பம்பு தெரிந்த ராமசாமியைக் கூட்டிப் போவேன்" என்றார்.

அத்தை, நான் கடலில் போகப் போகிறேன்!

அப்பாவிடம் மெல்லச் சொல்லுங்கள்.

அன்பு மகள்
ஆண்டாள்


அர்த்தநாரீஸ்வரர் துணை

கச்சிராயபாளையம் வழி
14-5-98

ஆண்டாளு கண்ணுக்கு அத்த குஞ்சம்மா எழுதறது. நானும் உங்கப்பனும் அந்த ரிஷிவந்தியத்து அப்பன் புண்ணியத்துல நல்லாத்தான் கீறோம். முட்டி அப்படியேதான் கீது. இருமலு கம்மி. நீ வேளைக்குச் சாப்புடறியா? அந்த ஊரு கொட்ட அரிசி ஒனக்கு ஒத்துக்குதா?

இன்னாடி இது, எருக்குழியத் தூக்கினு போயி கப்பல்ல வச்சிட்டாங்களா! கடுதாசியப் படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வூட்டு பூமால பயந்து ஓடியாந்துட்டா. அவளுக்கும் படிச்சிக் காட்டினேன். "தண்ணியே இல்லாமயா? அது எப்படிக்கா?"ன்னு வாயில கைய வச்சிக்கினா. சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிபோச்சி. பால்காரன் இருசப்பன் கூட "இன்னா பெரியம்மா, கப்பல்ல எரு போடறாங்களாமே, கடல்ல இன்னா நெல்லா நடறாங்க?"ன்னு கேக்கறான். கேலிதான் பண்றான். எனக்கு இன்னாமோ பெருமயாத்தான் இருந்துது.

நீ எழுதனதுல எனக்குச் சில சந்தேகம். அடுப்புக்கும் அதுக்கும் நடுவுல சுவரு கீதா, வெறும் பலகதானா? சாமி படத்த எந்தப் பக்கம் மாட்டிக்கீறாங்க? அவங்க வேதக்காரங்களா இருந்தாலும் மாதா படம் இருக்குமில்ல. தலமாட்டுல அது, கால்மாட்டுல சாமின்னு வச்சிடாதீங்க. கப்பல் ஆடறப்ப பொட்டி கவுந்துகினா இன்னா பண்ணுவ? இதெல்லாம் கேட்டு எழுது.

எரு விசயத்துல ஒண்ணுன்னா எங்கிட்ட கேளு. நீ பாலிடெக்னிக்கு படிச்சிருக்கலாம், நான் அஞ்சாவதுதான். ஆனா நாப்பது வருசமா குப்ப கிளறனவ நான்.

ஒங்கப்பங்கிட்ட சொல்லிட்டேன். "ஆப்பிரிக்காவா?"ன்னாரு. அப்பறம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டாரு.

மாலத்தீவு வரிக்கும் போனா போதாதா?

ஆசீர்வாதத்தோட
அத்த


கொச்சி
9-6-1998

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். அங்கும் எல்லாரும் நலமாக இருக்க அந்த அர்த்தநாரீஸ்வரர் அருளட்டும். சாமி பெயரை நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?

பெட்டி தயார்! கண்ணாடியிழையில் நானே வார்த்தேன். மூலையெல்லாம் உருட்டி, கை நுழைத்துக் கழுவுகிற மாதிரி. ஒரு சின்ன காற்றாடி வைத்து மேலே குழாய் விட்டிருக்கிறேன். கவிழாது. நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். அடுப்புக்கும் அதற்கும் நடுவில் இரண்டு பலகைச் சுவரும் ஒரு அலமாரியும் உண்டு. மாதா படம் படகின் மறு கோடியில் இருக்கிறது. ஆனியம்மா உங்கள் கேள்வியைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்கள். "உன் அத்தைக்கு நல்ல கேள்வியெல்லாம் தோன்றுகிறது" என்றார்கள்.

ஜூன் முதல் தேதியிலிருந்து நாங்கள் மூவரும் படகிலேயே தங்கி அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு வாரம் ஆயிற்று. மண் வாசனை மாதிரி லேசாக இருக்கிறதே தவிர வேறொன்றும் இல்லை. சார் மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தார்! வெளியே ஒரே மழை. உள்ளே நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு பாட்டுப் பாடுகிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன்.

உங்கள்
ஆண்டாள்


அர்த்தநாரீஸ்வரர் துணை

21-6-98

கண்ணு ஆண்டாளுக்கு அத்த ஆசீர்வாதம். நாங்க சொகம். மலையில மழ பேஞ்சி கோமுகி அணையில தண்ணி வந்துக்கினு கீது. ஒங்கப்பன் நாத்து உடறதுக்குச் சேறு கலக்கறாரு.

போட்டோ வந்துது. இன்னாடி எளச்சிப் போய்க்கீற! பொட்டி மட்டும் புது வெங்கல அண்டா மாதிரி பளபளன்னு கீது. நடு வூட்டுல மாட்டிக்கீறேன். சாமி பக்கத்துல இல்ல, இந்தப் பக்கம் செவுத்துல.

நீ இப்ப ஒரு வாரந்தான்னு எழுதிக்கீற. எரு ஒரு வாரத்துல கொணத்தக் காட்டாதுடி. கையில அள்ளிப் புடிச்சிப் பாரு. கொழுக்கட்ட மாதிரி நிக்கணும், புழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது. சொட்டுச்சுன்னா நாறப் போவுதுன்னு அர்த்தம். பொடிப் பொடியா உதுந்துதுன்னா மக்கவே மக்காது. இத மட்டும் மறக்காத.

இன்னொண்ணு. களமருதூர்ல செல்லியம்மான்னு ஒருத்தங்க. பத்து ஏக்கரு நெலம், ரெண்டு பம்பு செட்டு. ஒரே பையன் தனசேகரன். குடி கெடயாது, பீடி கெடயாது. ரிஷிவந்தியம் கோயில்ல பாத்துப் பேசனேன். ஒன் ஜாதகத்த கேக்கறாங்க. கேட்டாங்கன்னு எழுதறேன், அவ்ளோதான். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத.

ஒங்கம்மா போனப்ப ஒனக்கு மூணு வயசு. நானும் அந்த வருசந்தான் ஒங்க மாமாவ வாரிக் குடுத்துட்டு இந்த வூட்டுக்கு வந்தேன். இது எதுக்கு இப்பன்னு கேக்காத, இன்னாமோ எழுதத் தோணுச்சி.

வேளைக்குச் சாப்புடு. நடுக்கடல்ல சோறு கெடைக்காது.

அத்த குஞ்சம்மா


கொச்சி
5-7-1998

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உடம்பு நலந்தான், மனசுதான் நலமில்லை. உங்கள் முட்டிக்கு இங்கே கிடைத்த தைலம் ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பெட்டி நாறுகிறது. இருபது நாள் நன்றாக இருந்து, இப்போது கதவைத் திறந்தாலே மூக்கில் அடிக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி உறை போட்டுக்கொண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். சொட்டுகிறது. நார்த்தூளை இரட்டிப்பாக்கினேன். சாம்பல் போட்டேன். புனலில் எங்கோ கசிந்து மூத்திரம் பின்னால் போகிறது என்று நினைத்து மூன்று முறை பிரித்து அடைத்தேன். கசிவே இல்லை. புத்தகத்தில் இருக்கிறபடிதான் ஒவ்வொன்றும் செய்திருக்கிறேன். அதைப் படித்த வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் சரியாக வருகிறதாம்.

காலையில் யார் எப்போது போனார்கள், எத்தனை கை தூள், எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதிவைத்து அதையும் இத்துடன் அனுப்புகிறேன். ஈரம் எங்கிருந்து வருகிறது அத்தை? உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? உடனே எழுதுங்கள்.

ஜாதகம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆண்டாள்


அர்த்தநாரீஸ்வரர் துணை

30-7-98

ஆண்டாளு கண்ணுக்கு அத்த எழுதறது. நாங்க நல்லா கீறோம். தைலம் வந்துது. முட்டிக்குத் தேச்சா சூடு ஏறி நல்லாத்தான் கீது. ஒங்கப்பனும் கேட்டாரு, இருமலுக்கு நெஞ்சுல தேச்சிக்கினாரு.

கடுதாசி போட நேரமாயிப்போச்சி. ஆடி மாசமில்ல. கூழு ஊத்தனோம். இந்த வருசம் கூட்டம் ஜாஸ்தி. பூமாலைக்கு சாமி வந்து, இருசப்பன் பால்ல தண்ணி கலக்கறான்னு நடுக் கோயில்ல சொல்லிட்டா. அவன் மூஞ்சியப் பாக்கணுமே! சாமி சொல்லிச்சா, இவ சொன்னாளான்னு ஊரே பேசிக்கினு கீது. "ஒரு படி பாலுக்கு ஒரு கை தண்ணி, ஆத்தாளுக்கு இதெல்லாமா கண்ணுல படுது?"ன்னு அவனே கேட்டு அவனே சிரிக்கறான்.

அப்பறம் பூமாலயும் நானும் மல ஏறி கரியராமர் சாமியப் பாத்துட்டு வந்தோம். வெறுங்கால்ல ஏறனேன், இந்த முட்டிய வச்சிக்கினு. ஒரு வேண்டுதலு. இன்னான்னு கேக்காத, வேண்டுதல சொல்லக் கூடாது.

ஜாதகம் ஒங்கப்பன் குடுக்கல, நான்தான் குடுத்தேன். எட்டுப் பொருத்தம் கீதாம்! ஆவணியில ஒரு வெள்ளிக்கெழம வூட்டப் பாக்க வராங்க. நீ வர வேணாம், போட்டோவே போதும்ட்டாங்க.

ஒரு மனுசன் எத்தினி தொழிலத்தான் கத்துக்குவான். இது வரலன்னா இன்னா, வேற வரும். எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் கீறான்.

ஒடம்ப பாத்துக்க.

அத்த


கொச்சி
9-8-1998

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா.

நான்கு பக்கக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூமாலை அக்காவின் சாமி, பால் தண்ணீர், எட்டுப் பொருத்தம் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஒருவேளை மறந்திருப்பீர்கள். திரும்பக் கேட்கிறேன். ஈரம் எங்கிருந்து வருகிறது?

பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். பத்தே நாளில் மறுபடியும் அதே நாற்றம். ஆனியம்மா தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அதுதான் எனக்கு அதிக வலி.

ஆண்டாள்


கொச்சி
29-8-1998

அத்தைக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து இருபது நாளாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே?

நேற்று ராமசாமி வந்து பம்புக்கு அளவு எடுத்துக்கொண்டு போனான். "வருத்தப்படாதே, நல்லா முயற்சி பண்ணினே" என்று முதுகில் தட்டினான். சரி வராவிட்டால் 13-ஆம் தேதி ஊருக்கு வண்டி ஏறிவிடுவேன். பட்டறையில் தலை காட்ட என்னால் முடியாது.

ஆண்டாள்


தந்தி
கள்ளக்குறிச்சி, 5-9-1998

பெட்டியில் கால் கழுவாதே. வேறு இடத்தில் கழுவு. பழையதைக் கொட்டு. கடிதம் பின்னால் வருகிறது. அத்தை.


அர்த்தநாரீஸ்வரர் என்னை மன்னிக்கட்டும்

5-9-98 சனிக்கெழம

ஆண்டாளு,

எல்லாரும் சொகந்தான். தந்தி கெடச்சிருக்கும். கெடச்சிதா இல்லியா? இத கள்ளக்குறிச்சி தபாலாபீசு வாசல்லியே குந்திக்கினு எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா படிச்சிக்கோ.

நேத்து களமருதூர்காரங்க வந்தாங்க. பையன், அவன் அம்மா செல்லியம்மா, கூட ரெண்டு பேரு. கேசரி, வட, காப்பி எல்லாம் வச்சேன். பையன் நல்லவன்தான், ஏழு வட சாப்ட்டான், ஒரு வார்த்த பேசல. அந்தம்மாதான் எழுந்து போயி போட்டோவப் பாத்துக்கினே "இது இன்னா டப்பா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பெருமதானே, முழுசா வெளக்கிச் சொன்னேன். அந்தம்மா சேலயால மூக்கப் பொத்திக்கினு, "அப்ப ஒங்க பொண்ணு கப்பல்ல பீ கிளறுதா? எங்க வூட்டுக்குள்ள விடறதுக்கு முன்ன மஞ்சத் தண்ணியில முக்கி எடுக்கணும்"னு சொல்லிச் சிரிக்கறாங்க. கூட வந்தவங்களும் சிரிக்கறாங்க.

எனக்கு எங்கிருந்து வந்துதோ! "ஏன் அண்ணி, ஒங்க பத்து ஏக்கருக்கும் பன்னீரத்தான் தெளிக்கறீங்களா?"ன்னு கேட்டேன். "எங்க புள்ள செஞ்ச பொட்டியில ஒரு கொறயும் கெடயாது. கழுவற தண்ணிய அதுக்குள்ளியே உடறாங்க, அதான் நாறுது. வெள்ளக்காரன் காயிதத்துல தொடப்பான், அவன் எழுதன புஸ்தவத்துல இது எப்படி இருக்கும்? இது கூட எனக்குத் தெரியாதா?"ன்னு கத்தனேன்.

ஒங்கப்பன் வாசப்படியில நின்னுக்கினு இருந்தாரு. "தெரியுமா அக்கா?"ன்னாரு. "தெரிஞ்சா புள்ளைக்கு ஏன் எழுதல?"ன்னாரு. அவ்ளோ பேரு முன்னால கேட்டுட்டாரு. அப்பறம் அவங்க பக்கம் திரும்பி, "பொண்ணு வராதுங்க. காப்பி ஆறிப் போவுது, குடிச்சிட்டுப் போங்க"ன்னாரு. அந்த மனுசன் இத்தினி வருசத்துல இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல.

ஆமாண்டி. தெரியும். நீ அனுப்பன நோட்டப் பாத்த அன்னிக்கே தெரியும். எத்தினி மணிக்குப் போன, எத்தினி கை தூளு, எல்லாம் எழுதிக்கீற. எங்க கால் கழுவனேன்னு மட்டும் ஒரு எடத்துலயும் எழுதல. யாருதான் எழுதுவாங்க அத? நாம எந்தக் காலத்துல ஒரே எடத்துல குந்தி அங்கியே கழுவனோம்? கொல்லைக்குப் போறது ஒரு எடம், ஏரியில எறங்கிக் கழுவறது ஒரு எடம். மூணு பேரு, நாளைக்கு ரெண்டு மூணு சொம்பு தண்ணி. நார்த்தூளு இன்னா பண்ணும்?

எழுத ஒக்காந்தேன். எழுதனா நீ போய்டுவ. நாறனா திரும்பி வந்துடுவ. கடுதாசிய மடிச்சி என் துணிப் பொட்டியில வச்சிட்டு, கூழு ஊத்தனதப் பத்தி வேற எழுதனேன். மல ஏறி வேண்டிக்கினதும் இதான். அந்தப் பொட்டி நாறணும் சாமின்னு வேண்டிக்கினேன். கடவுளுகிட்ட போயி கேக்கற வேண்டுதலா இது? அவரு இன்னா நெனச்சாரோ.

காலம்பற மொத வண்டிய புடிச்சி கள்ளக்குறிச்சி வந்தேன். தந்தி எழுதறவரு பேரு கண்ணாயிரம். "யாரும்மா செத்துட்டாங்க?"ன்னு காயிதத்த எடுத்தாரு. "யாரும் சாவல சாமி, கக்கூஸு"ன்னேன். நிமுந்து பாத்தாரு. வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. "கால் கழுவாதேன்னு எழுதுங்க"ன்னேன். "அத எப்படிம்மா இங்கிலீசுல எழுதறது?"ன்னு பேனாவ வச்சிட்டாரு. கருணாபுரத்துலருந்து வந்த ஒரு பெரியவரு, "தமிழ இங்கிலீசு எழுத்துல எழுதுய்யா, பொண்ணு புரிஞ்சிக்கும்"னு சொல்லிக் குடுத்தாரு. மூணு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன். மூணாவது தடவ ஆபீசே சேந்து படிச்சிது. கடைசியில கண்ணாயிரம், "பொண்ணு கப்பல்ல போவுதா? அடேயப்பா!"ன்னாரு.

ஏழு நாளு கீது. பழசக் கொட்டி, பொட்டியக் காய வச்சி, புதுத் தூளு போடு. பக்கத்துல ஒரு பேசின வையி. கழுவறது அங்க.

கோவம் இருந்தா இரு. பதிலு போடாட்டியும் நாயந்தான்.

குஞ்சம்மா


கொச்சி
20-9-1998

அன்புள்ள அத்தைக்கு,

ஆண்டாளின் வணக்கம். அப்பா, நீங்கள், மாடு எல்லாரும் நலமா?

தந்தி 5-ஆம் தேதி சாயங்காலமே பட்டறைக்கு வந்தது. தந்தி என்றதும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் படித்தேன். முதலில் புரியவில்லை, அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சாவு என்றே நினைத்தார்கள். நான் சிரிக்க ஆரம்பித்ததும் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்தில் ஒரு பேசின், அதிலிருந்து ஒரு குழாய், தனி கேன். ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தால் போதும். இன்றைக்குப் பதினைந்து நாள் ஆகிறது, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிறது, சொட்டவில்லை. 12-ஆம் தேதி சார் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உள்ளேயே பேப்பர் படித்தார். வெளியே வந்து, "ராமசாமியிடம் பம்பு வேண்டாம் என்று சொல்லிவிடு" என்றார். அவ்வளவுதான் அத்தை! ஆனியம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார்கள், அவர்களுக்கு அறுபது வயது!

உங்கள் கடிதம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. இந்தக் கடிதம் எட்டு நாள் தாமதம். கோபத்தில்தான். இரண்டு மாதம் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இப்போது கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மீதி இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். பெட்டியில் எடுத்ததை ஆனியம்மா வீட்டுத் தென்னைக்குப் போட எத்தனை நாள் ஆறவிட வேண்டும்? இரண்டாவது, நான் போனால் திரும்பி வர ஒன்றரை வருடம் ஆகும். உங்களுக்கு எப்படி இருக்கும்? அக்டோபர் 5-ஆம் தேதி வரை சாரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். கூழ் ஊற்றிய கதை வேண்டாம்.

உங்கள்
ஆண்டாள்


26-9-98
கடுதாசி வந்த அன்னிக்கே

ஆண்டாளு,

மொதல்ல கேட்டதுக்குப் பதிலு.

ஒண்ணு. ஒரு வருசம் மூடி வைக்கணும். நாள்கணக்கு இல்ல, ஒரு மழக்காலமும் ஒரு கோடையும் தாண்டணும். மனுசரோடது, அவசரப்படக் கூடாது. அப்பறம் தென்னைக்குப் போடு. கீரைக்குப் போடாத. கொட்டி வச்ச எடத்துல தேதிய எழுதி ஒரு குச்சி நட்டு வையி.

ரெண்டு. வூடு வெறிச்சினு இருக்கும். இப்பவே அப்படித்தான் கீது. சாயந்தரம் வெளக்கேத்தி வச்சிட்டு யாருக்குன்னு தெரியாம குந்திக்கினு இருப்பேன். ஒங்கப்பன் பேசமாட்டாரு, ஒனக்குத் தெரியும். ஒன்னர வருசத்துல எனக்கு இன்னா ஆவும்னும் தெரியாது. பயமாத்தான் கீது. நீ கேட்டதால எழுதறேன், மறைக்கல.

கேட்டது ரெண்டுதான். அதுக்கு மேல நான் ஒண்ணு சொல்றேன். அஞ்சாந்தேதி வரிக்கும் காத்துக்கினு இருக்காத. நாளைக்கே போயி சரின்னு சொல்லிட்டு வா. போற ஊரு பேரெல்லாம் வரிசையா எழுதி அனுப்பு, எந்த ஊருக்கு எந்தத் தேதியில கடுதாசி போடணும்னு. கண்ணாயிரம் ஆப்பிரிக்காவுக்கும் தபாலு போவுமான்னு விசாரிச்சி வைக்கறேன்னு சொல்லிக்கீறாரு.

எழுத மறந்துட்டேன் பாரு. நாங்க சொகம். நீ சொகமா?

அத்த குஞ்சம்மா